நோன்போடு களமிறங்கிய ஹகீம்

புனித ரமழான் நெருங்கும் போதெல்லாம் தாய்மார்களிடமிருந்து ஒரே விதமான கேள்வி எனக்கு வரும். "மௌலவி, மகனுக்கு இந்த மாதம் பரீட்சை. நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களாச் செய்தால் போதாதா?" பரீட்சை இல்லையென்றால் டியூஷன். டியூஷன் இல்லையென்றால் விளையாட்டுப் போட்டி. காரணம் மாறும், கேள்வி மாறுவதில்லை.

ஆனால் ஒரு முறை வந்த கேள்வி தலைகீழாக இருந்தது. பதினாறு வயது மகனை அழைத்துக்கொண்டு ஒரு தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை பாடசாலையின் கூடைப்பந்தாட்ட அணியில் இருக்கிறான். போட்டிகள் ரமழானில் வருகின்றன. நோன்பு நோற்பவர்களைக் களத்தில் இறக்க முடியாது என்று அணிக்குப் பொறுப்பானவர் சொல்லிவிட்டாராம். "நோன்பை விடமாட்டேன்" என்கிறான் மகன். "விடு, பிறகு பார்க்கலாம்" என்கிறார் உம்மா. "இவன் என் பேச்சைக் கேட்கிறான் இல்லை மௌலவி. நீங்களாவது சொல்லுங்கள்" என்று அவர் முறையிட்டார்.

நான் பிள்ளையிடம் எதுவும் சொல்லவில்லை. தாயைப் பார்த்து, "உங்களுக்கு ஒருவரின் கதையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று இந்தப் பக்கங்களில் உங்களுக்கும் சொல்கிறேன்.

லாகோஸில் ஒரு குடும்பம்

ஆபிரிக்கக் கண்டத்தில் நைஜீரியா என்று ஒரு நாடு. அதன் கடலோரப் பெருநகர் லாகோஸ். அங்கே 1963 ஜனவரி 21ஆம் திகதி ஹகீம் ஒலாஜுவான் பிறந்தார். வாப்பாவின் பெயர் ஸலீம். உம்மாவின் பெயர் அபிகே. யொரூபா இனத்தைச் சேர்ந்த முஸ்லிம்கள். சீமெந்து வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தவர்கள். பெரும் செல்வந்தர்கள் அல்லர். கைநீட்டி வாழ்ந்தவர்களும் அல்லர். வியர்வை சிந்தி உழைத்த சாதாரணப் பெற்றோர்கள்.

பிற்காலத்தில் உலகம் முழுவதும் அறிந்த மனிதராகிய பின்னர், "உங்களை உருவாக்கியது எது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஹகீம் தன் பெற்றோரையே சுட்டிக்காட்டினார். பொய் சொல்லாதே, உழைத்துச் சாப்பிடு, மூத்தோரை மதி, உன்மேல் நம்பிக்கை வை. இவைதாம் அந்த வீட்டில் கற்பிக்கப்பட்ட பாடங்கள். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஹகீம் படித்தது லாகோஸிலிருந்த முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில். சிறு வயதில் அவருக்குப் பிடித்த விளையாட்டு உதைபந்தாட்டம். அதில் அவர் கோல் காப்பாளர். கைப்பந்தாட்டமும் ஆடினார். கூடைப்பந்தை அவர் கையிலெடுத்தபோது பதினைந்து வயது கடந்துவிட்டது. உயரமான பையன் என்பதால் அந்த விளையாட்டுக்குள் இழுக்கப்பட்டார் என்றே சொல்ல வேண்டும். ஏழு அடியை எட்டும் அவரது உயரத்தைக் கண்டு வியந்தவர்கள் பலர். ஆனால் உதைபந்தாட்டத்தில் பழகிய அந்தக் கால்களின் வேகம்தான் பிற்காலத்தில் அவரை மற்ற உயரமான வீரர்களிடமிருந்து வேறுபடுத்தியது. அல்லாஹ் ஒருவருக்கு வைத்திருக்கும் ரிஸ்கின் வாசல் எந்தப் பக்கம் திறக்கும் என்பதை யாரறிவார்!

தனியே வந்திறங்கிய இளைஞன்

1980ஆம் ஆண்டு, பதினேழு வயதில், ஹகீம் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். விமான நிலையத்தில் அவரை வரவேற்க யாருமே வந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, வாடகைக் கார் ஒன்றில் ஏறி வந்துவிடும்படி சொன்னார்களாம். முதலாவது ஆண்டு போட்டிகளில் ஆடவும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பயிற்சியோடு மட்டும் காலம் கழிந்தது.

பொறுமையோடு பழகினார். பின்னர் அவரது பல்கலைக்கழக அணி 1982, 1983, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தேசிய மட்டத்தில் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்தது. ஆனால் ஒரு முறையேனும் கிண்ணத்தை வெல்லவில்லை. 1983ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் கடைசி விநாடியில் விழுந்த ஒரு பந்தினால் 54க்கு 52 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் அந்தக் கடைசிக் கட்டப் போட்டிகளின் மிகச் சிறந்த வீரர் என்ற பட்டம் ஹகீமுக்கே வழங்கப்பட்டது. 1984இல் மீண்டும் இறுதிப் போட்டி, மீண்டும் தோல்வி.

அதே 1984இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது, முதலாவதாகத் தெரிவு செய்யப்பட்டவர் ஹகீம். ஹூஸ்டன் ரொக்கெட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. பின்னர் உலகப் புகழ் பெற்ற மைக்கல் ஜோர்டன் அந்த ஆண்டு மூன்றாவதாகவே தெரிவானார். உம்மா வாப்பாவை விட்டு வந்து நான்கே ஆண்டுகள். பணம், புகழ், கைதட்டல் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தன.

வீட்டை விட்டுத் தூரமானபோது

சகோதரிகளே, இந்த இடத்தில் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்மவர்கள் பிரபலமான முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது அவர்களைப் பிறவி அவ்லியாக்களாக ஆக்கிவிடுகிறார்கள். அது நியாயமல்ல.

ஹகீம் இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர் அல்லர். அவருக்கு முன்னர் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டத்தில் புகழ்பெற்ற கரீம் அப்துல் ஜப்பார், வளர்ந்த பின்னர் இஸ்லாத்தைத் தேடி வந்தவர். ஹகீமோ நம்மைப் போல முஸ்லிம் வீட்டில் பிறந்தவர். நம்மில் பலருக்கு நேர்வது போலவே அவருக்கும் நேர்ந்தது. அந்நிய நாட்டில் தனிமை, இளமை, புகழ் ஆகியவற்றின் நடுவே மார்க்கப் பேணுதல் தளர்ந்தது. களத்திலும் அவர் கோபக்காரராக இருந்தார். நடுவர்களோடு வாதாடுவார், எதிரணி வீரர்களோடு கைகலப்பு வரை போவார், ஒழுக்கக் குறைவுக்காகத் தண்டனைகள் பெறுவார். 1986இல் அவரது அணி இறுதிப் போட்டி வரை சென்று பொஸ்டன் அணியிடம் தோற்றது. அதன் பின் சில ஆண்டுகள் பெரிய வெற்றியில்லை. திறமை இருந்தது, அமைதி இல்லை.

பின்னர் 1980களின் இறுதியில் அவருடைய வாழ்வில் மாற்றம் தொடங்கியது. ஹூஸ்டன் நகரின் பள்ளிவாசலோடு தொடர்பு ஏற்பட்டது. குர்ஆனைப் படிக்கலானார். ஐவேளைத் தொழுகையைப் பேணத் தொடங்கினார். லாகோஸில் சிறுவனாகக் கண்டும் கேட்டும் வளர்ந்தவை வேரோடு அழிந்துவிடவில்லை. மண்ணுக்குள் கிடந்த விதை, மழை பெய்ததும் முளைத்தது போல அவை மீண்டும் முளைத்தன. விதைத்தவர்கள் அந்தச் சீமெந்து வியாபாரியும் அவருடைய மனைவியும்தான்.

1991 மார்ச் மாதத்தில் அவர் தன் பெயரைத் திருத்திக்கொண்டார். அதுவரை அமெரிக்காவில் அவர் பெயரை "அகீம்" என்றே எழுதி வந்தார்கள். அரபு மொழி கற்பிப்பவன் என்ற வகையில் இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. "ஹா" என்ற அந்த ஓர் எழுத்து இல்லாவிட்டால் பெயருக்குப் பொருளே இல்லை. "ஹகீம்" என்றால் ஞானமுள்ளவர். ஓர் எழுத்துதானே என்று அவர் விட்டுவிடவில்லை. நம் பிள்ளைகளின் அழகிய பெயர்களைச் சுருக்கியும் சிதைத்தும் கூப்பிடுகிற நாம் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

மாற்றம் பெயரோடு நிற்கவில்லை. 1992இல் அணி நிர்வாகத்துக்கும் அவருக்கும் பெரிய மனக்கசப்பு ஏற்பட்டது. காயம் இருப்பதாகப் பாசாங்கு செய்கிறார் என்று குற்றஞ்சாட்டி அவரை இடைநிறுத்தினார்கள். வேறு அணிக்குப் போய்விடவே அவர் விரும்பினார். ஆனால் அதே ஆண்டின் இறுதியில் போட்டிக்காக ஜப்பானுக்குச் சென்ற நீண்ட விமானப் பயணத்தில், அணி உரிமையாளரும் அவரும் அமர்ந்து பேசிச் சமாதானமானார்கள். பழைய ஹகீமாக இருந்திருந்தால் அந்தக் கோபம் எங்கே போய் முடிந்திருக்குமோ!

பசியோடு வந்த வெற்றி

அதன் பிறகு நடந்தவை விளையாட்டு வரலாற்றில் பதிவாகியுள்ளன. 1993-94 பருவகாலத்தில் அமெரிக்க தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் மிகப் பெறுமதிமிக்க வீரர், மிகச் சிறந்த தடுப்பாட்ட வீரர், இறுதிப் போட்டிகளின் மிகச் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் ஹகீமே பெற்றார். ஒரே பருவகாலத்தில் இம்மூன்றையும் பெற்றவர் அவர் ஒருவரே.

அந்த இறுதித் தொடரின் ஆறாவது போட்டி மறக்க முடியாதது. நியூயோர்க் அணி ஏற்கெனவே மூன்று போட்டிகளை வென்றிருந்தது. இன்னும் ஒன்று வென்றால் கிண்ணம் அவர்களுடையது. ஹூஸ்டன் இரண்டே புள்ளிகளால் முன்னணியில் நிற்க, கடைசி விநாடிகளில் நியூயோர்க் வீரர் ஒருவர் தூரத்திலிருந்து மூன்று புள்ளிக்கான பந்தை எறிந்தார். ஓடி வந்த ஹகீமின் விரல்நுனி அந்தப் பந்தில் பட்டது. பந்து கூடையை அடையவில்லை. 86க்கு 84. அடுத்த போட்டியில் 90க்கு 84 என்று வென்று, ஹூஸ்டன் நகரம் முதன் முறையாகக் கிண்ணத்தைப் பெற்றது.

அடுத்த ஆண்டு, 1995. அந்த ஆண்டு ரமழான் பெப்ரவரி முதலாம் திகதி தொடங்கியது. போட்டிகள் உச்சத்திலிருக்கும் காலம். ஒரு நகரில் ஆட்டம் முடிந்தால் விமானமேறி அடுத்த நகர். ஹகீம் நோன்பு நோற்றார். ஸஹருக்கு எழுந்து பேரீத்தம்பழமும் தண்ணீரும் உட்கொண்டு, பகல் முழுவதும் ஒரு மிடறு நீருமின்றி இருந்து, ஆட்டமும் ஆடினார். பகலில் நடைபெறும் போட்டிகளில், இடைவேளையின்போது மற்றவர்கள் தண்ணீர்ப் போத்தல்களைக் காலி செய்ய, அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெப்ரவரி மாதத்தின் முடிவில் மாதத்தின் மிகச் சிறந்த வீரர் என்று சங்கம் அறிவித்த பெயர் எது தெரியுமா? ஹகீம் ஒலாஜுவான். அல்லாஹு அக்பர்! ரமழானில் அவரது ஆட்டம் குறையவில்லை, சில வேளை கூடுகிறது என்று விளையாட்டைப் பற்றி எழுதுபவர்களே வியந்தார்கள். அவ்வாண்டும் ஹூஸ்டன் அணியே கிண்ணத்தை வென்றது. பல்கலைக்கழகக் காலத்துத் தோழர் கிளைட் ட்ரெக்ஸ்லரும் அப்போது அவரோடு அதே அணியில் இருந்தார்.

நோன்பு பிடித்தால் கிண்ணம் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. வணக்கம் வியாபாரம் அல்ல. பசி மனிதனை வீழ்த்திவிடும் என்று நாம் பிள்ளைகளுக்குக் காட்டும் பயம் பெரும்பாலும் நம்முடைய பயமே, அவர்களுடையது அல்ல. இதைத்தான் சொல்ல வருகிறேன். இஸ்லாத்தின் முதலாவது பெரும் போரான பத்ர், ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் ரமழான் மாதத்தில்தானே நடந்தது!

ஒரு ஏழைத் தாயின் கணக்கு

அமெரிக்காவில் பெரிய விளையாட்டு வீரர்களுக்கு ஆட்டத்தை விட விளம்பரத்தில்தான் பணம் அதிகம். அதிலும் சப்பாத்து விளம்பரம். வீரரின் பெயர் பொறித்த ஒரு சோடிச் சப்பாத்து நூறு டொலருக்கு மேல் விற்கும். அதை வாங்க முடியாத வீடுகளின் பிள்ளைகள் திருடவும், ஒருவரையொருவர் அடித்துப் பறிக்கவும் துணிந்த காலம் அது.

கிண்ணங்களை வென்று புகழின் உச்சியில் நின்ற ஹகீம், சுமார் 35 டொலருக்கு விற்கும் ஒரு சப்பாத்துக்கே தன் பெயரைக் கொடுத்தார். கூலி வேலை செய்து ஆண்பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் அவ்வளவு விலையுள்ள சப்பாத்தை எப்படி வாங்குவாள் என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

தாய்மார்களே, கோடிகளைக் கொண்டு வரக்கூடிய ஒரு பேரத்தின் முன்னால் நின்று, முகமறியாத ஏழைத் தாயின் பணப்பையை நினைத்துப் பார்க்கும் மனம் எங்கிருந்து வரும்? சீமெந்துத் தூசியில் உழைத்த பெற்றோரைக் கண்ணால் கண்டு வளர்ந்தவனுக்கே அது வரும். பெருநாள் வந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்து அதை விட விலை கூடியதை நம் பிள்ளைக்கு வாங்கிவிடத் துடிக்கும் நாம், அதே தெருவில் புதுச் சப்பாத்தே இல்லாத பிள்ளை ஒன்று இருப்பதைச் சில வேளை காண்பதில்லை.

வட்டியில்லாத செல்வம்

விளையாட்டு வீரனின் காலம் குறுகியது. புகழ் இருக்கும்போது கோடிகளில் புரண்டு, ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் கடனாளியாகிப் போனவர்கள் அந்த நாட்டில் பலர். ஹகீம் காணி, கட்டட வியாபாரத்தில் ஈடுபட்டார். ஒரு நிபந்தனையோடு: வட்டிக் கடன் எடுப்பதில்லை. கையில் காசு இருந்தால் முழுவதையும் கொடுத்து வாங்குவது. இல்லையென்றால் வாங்காமல் இருப்பது. கடனின்றி வியாபாரமே இல்லை என்று நம்பும் நாட்டில் இது பலருக்கு விநோதமாகத் தோன்றியிருக்கும். ஆனால் 2006ஆம் ஆண்டளவில் அந்த வியாபாரத்தில் அவர் ஈட்டிய இலாபம் நூறு மில்லியன் டொலரைத் தாண்டிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின.

இதில் இன்னொரு அழகும் உண்டு. ஹூஸ்டன் நகரின் மத்தியில் 1928இல் கட்டப்பட்ட ஒரு பழைய வங்கிக் கட்டடம், உயர்ந்த தூண்களோடு வெறுமையாகக் கிடந்தது. ஹகீம் அதை வாங்கினார். திருத்தப்பட்டு 2002இல் அது இஸ்லாமிய அழைப்பு மையமாகத் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் வட்டிக் கணக்கு எழுதப்பட்ட மண்டபத்தில் இப்போது ஸஃப் கட்டித் தொழுகிறார்கள். ஸுப்ஹானல்லாஹ்!

கலியாணச் செலவுக்கும் வீட்டுச் சாமானுக்கும் வட்டிக்குக் கடன் எடுத்து, பிறகு மாதா மாதம் கண்ணீர் வடிக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு நா வரவில்லை. ஆனால் "கையில் இல்லையென்றால் இப்போது வேண்டாம்" என்று ஒரு வீட்டில் முதலில் சொல்லக்கூடியவள் பெரும்பாலும் அந்த வீட்டின் பெண்தான். அந்த ஒரு சொல்லில் எத்தனையோ பரக்கத் இருக்கிறது.

மீண்டும் மாணவராக

1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் ஆடித் தங்கப் பதக்கம் பெற்றார் ஹகீம். 1996 ஓகஸ்டில் ஹூஸ்டனில் திருமணம் செய்துகொண்டார். 2002இல் ஓய்வு பெற்றபோது, எதிரணியின் பந்தைத் தடுத்ததில் 3,830 என்ற எண்ணிக்கையோடு சங்கத்தின் வரலாற்றிலேயே முதலிடத்தில் இருந்தார். அவர் அணிந்த 34ஆம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹூஸ்டன் அணி முடிவு செய்தது. 2008இல் கூடைப்பந்தாட்டத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஓய்வு பெற்ற பின்னர் அவர் எங்கே போனார்? குடும்பத்தோடு ஜோர்தான் நாட்டின் அம்மான் நகருக்குப் போனார். அரபும் மார்க்கமும் படிக்க! ஏழடி மனிதர், உலகப் புகழ் பெற்றவர், நாற்பது வயதளவில் அரபு படிக்க அமர்ந்தார். "இந்த வயதில் இனி எங்கே மௌலவி குர்ஆன் ஓதப் பழகுவது?" என்று வெட்கப்படும் என் சகோதரிகளுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.

தன் ஆட்டத்தின் நுணுக்கங்களையும் அவர் பூட்டி வைக்கவில்லை. மறைந்த கோபி பிரயன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் போன்ற பெரும் வீரர்கள் கூட, புகழ் பெற்ற பின்னரும் அவரிடம் வந்து பயிற்சி பெற்றார்கள்.

கேள்விக்குப் பதில்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். மார்க்கச் சட்டம் தெளிவானது. பருவமடைந்த, சுகமான, ஊரில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு ரமழான் நோன்பு கடமை. பரீட்சையும் போட்டியும் நோன்பை விடுவதற்கான காரணங்கள் அல்ல. நோயாளிக்கும் பயணிக்கும் சலுகை உண்டு. அது அல்லாஹ் தந்த அன்பளிப்பு. அதைப் பயன்படுத்துபவரை யாரும் குறை சொல்ல முடியாது. நோன்பிருக்கும்போது உடலுக்கு உண்மையிலேயே ஆபத்து நேரும் நிலை வந்தால், நோன்பைத் திறந்துவிட்டுப் பின்னர் களாச் செய்ய வேண்டும். பிள்ளை மயங்கி விழும் வரை பார்த்துக்கொண்டிருக்கும்படி மார்க்கம் சொல்லவில்லை.

விளையாட்டையும் மார்க்கம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவி ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறார்கள். பெருநாளன்று பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியதை ஆயிஷா நாயகி பார்த்து மகிழ இடமளித்திருக்கிறார்கள். விளையாட்டா மார்க்கமா என்று பிள்ளையைப் பிடித்து இரண்டாகக் கிழிக்க வேண்டியதில்லை. பந்து மகனின் கையில் இருக்கட்டும். வரம்பு அவன் மனதில் இருக்கட்டும்.

கதையை நான் முடித்தபோது அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருடைய உம்மாவின் பெயர் என்னவென்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். "அபிகே" என்றேன். மகனைத் திரும்பிப் பார்த்தார். "சரி மகன், ஸஹருக்கு நான் எழுப்புகிறேன்" என்றார். அவ்வளவுதான்.

அந்த ரமழானில் அவன் முதல் இரண்டு போட்டிகளிலும் வெளியே உட்கார வைக்கப்பட்டான். மூன்றாவதில் ஒருவருக்குக் காயம் ஏற்பட, இவனை இறக்கினார்கள். அணி அன்று தோற்றது. ஆனால் மஃரிபுக்கு அவன் வீடு வந்து நோன்பு திறந்தபோது, உம்மா பக்கத்தில் அமர்ந்து பேரீத்தம்பழத்தை எடுத்துக் கொடுத்தாராம். அதை அவனே என்னிடம் சொன்னான். தோற்ற கதையைச் சொல்பவன் போல அவன் முகம் இருக்கவில்லை.

நம் பிள்ளைகள் எத்துறையில் உயர்ந்தாலும், வீட்டிலே நாம் விதைத்தது அவர்களோடு கூடச் செல்லும். சில காலம் அது மண்ணுக்குள் மறைந்திருக்கலாம். விதைக்காத இடத்தில் முளைக்காது என்பது மட்டும் உறுதி. வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.